நின்றபடி சுற்றும் காற்றாலை

கேள்வி: முப்பந்தல் பக்கம் எங்கு பார்த்தாலும் மூன்று இறக்கைக் காற்றாலைகள்தான். பம்பரம் போல நின்றபடி சுற்றும் செங்குத்துக் காற்றாலை எந்தத் திசைக் காற்றுக்கும் சுற்றுமாமே, அதை ஏன் வைப்பதில்லை? என் மொட்டை மாடிக்கு ஒன்று வாங்கலாமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: சுற்றும். எட்டுத் திசைக் காற்றையும் அது ஒரே மாதிரி வரவேற்கும். முகம் திருப்ப மோட்டார் வேண்டாம். ஜெனரேட்டர் தரையிலேயே இருப்பதால் பழுது பார்க்க உச்சிக்கு ஏறவும் வேண்டாம்.

சிக்கல் இறக்கையில் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை ஒருமுறை காற்றோடு போகிறது, ஒருமுறை காற்றை எதிர்த்துத் திரும்புகிறது. விசை ஏறி ஏறி இறங்குவதால் உலோகம் சீக்கிரம் தளர்ந்துவிடும். பிரெஞ்சுப் பொறியாளர் டாரியூ 1920களில் உருவாக்கிய வகைக்கு இன்னொரு குறை: பெரும்பாலும் தானாகக் கிளம்பாது, மோட்டார் தள்ளிவிட வேண்டும்.

கனடாவின் காப்-ஷாவில் 110 மீட்டர் உயரத்துக்கு 'ஈயோல்' என்ற டாரியூ காற்றாலையைக் கட்டினார்கள். மொத்தப் பாரமும் அடியில் இருந்த பேரிங்கின் தலையில். அது கெட்டதும், 1993இல் ராட்சதன் நின்றுவிட்டான். இன்றும் சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து பார்க்கிறார்கள், மின்சாரம்தான் இல்லை.

மாடிக்கு வருவோம். காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். பக்கத்து வீடுகளும் தென்னைகளும் மறிக்கும் காற்றில் எந்த இறக்கையும் ஜெயிக்காது. முதலில் மாடியில் காற்றின் வேகத்தைச் சில மாதம் அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால், அந்தப் பணத்துக்கு சோலார் பேனல் வாங்கிவிடுங்கள்.