பட்டா இல்லாத கோப்புகள்

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் கருநிரலுக்காக உருவாக்கிய ‘கிட்’, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது செய்தார் என்ற விவரத்தோடு பதிந்துவைக்கும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியாகும். ஆயினும் அதைப் பயன்படுத்துவோரின் கணினிகளிலேயே ‘ப்ராஜெக்ட்’, ‘ப்ராஜெக்ட்_புதுசு’, ‘ப்ராஜெக்ட்_இதுதான்_கடைசி’ என்று கோப்புறைகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒரே களஞ்சியத்தின் வெவ்வேறு கிளைகளைத் தனித்தனிக் கோப்புறைகளில் விரித்து வேலை செய்ய உதவும் ‘ஒர்க்ட்ரீ’ வசதி 2015-இல் வெளிவந்த 2.5 பதிப்பிலேயே வந்துவிட்டது என்பதும், ஒரே கிளையை இரண்டு இடங்களில் திறக்க அது இயல்பாக இடம் கொடுப்பதில்லை என்பதும் இந்தக் கோப்புறைகளின் உரிமையாளர்களை இன்னும் எட்டவில்லை போலும்.

இவற்றினும் இரங்கத்தக்கவை பின்தொடரப்படாத கோப்புகள், அதாவது ‘ஆட்’ கட்டளையால் கணக்கில் ஏற்றப்படாமல், புறம்போக்கில் போட்ட குடிசைகளைப் போல அதே கோப்புறையில் குடியிருப்பவை. பாதி வேலையை ஒதுக்கிவைக்கும் ‘ஸ்டாஷ்’ கட்டளை, ‘-யு’ என்று தனியே சொன்னாலன்றி இவற்றைக் கண்டுகொள்வதில்லை. ‘கிளீன்’ கட்டளையோ, ‘-எஃப்’ என்ற அனுமதி கிடைத்த மாத்திரத்தில், நோட்டீஸ் எதுவும் ஒட்டாமல் புல்டோசரை இறக்கிவிடுகிறது. அழிந்த கோப்பு குப்பைத்தொட்டிக்கும் போவதில்லை, கிட்டின் வரலாற்றில் ஒருநாளும் இடம்பெறாததால் அதன்வழி மீட்கவும் முடிவதில்லை. எவையெவை இடிபடும் என்று முன்கூட்டியே பட்டியலிட்டுக் காட்டும் ‘-என்’ என்ற விருப்பம் அந்தக் கட்டளையிலேயே இருக்கிறது. ‘-எஃப்’ அடிக்கப் போகிறவர்கள் தயவுசெய்து அதை முதலில் ஓட்டிப் பார்க்கவும்.