தோற்றவருக்கு விழா

கேள்வி: கொல்லிமலையில் ஆடி 17, 18 தேதிகளில் அம்மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. போரில் தோற்றவருக்கு எதற்கு விழா? போர்கள்தான் ஏன் வருகின்றன?
– ஒரு வாசகர், சேந்தமங்கலம்

பதில்: ஜெயித்தவர் மட்டும் என்ன கண்டார்? ஓரியைக் கொன்ற மலையமான் திருமுடிக்காரி, பலா காய்த்துத் தொங்கும் கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்கிறது அகநானூறு. சண்டை ஒருவருக்கு, சொத்து இன்னொருவருக்கு! இதில் வேடிக்கை, ஓரி, காரி இருவருமே கடையெழு வள்ளல்கள். பாணருக்கு அள்ளிக் கொடுத்த ஓரியிடம் சேரனும் ஒரு யாழைத் தூக்கிக்கொண்டு போய் நின்றிருந்தால் பாதி மலையாவது கிடைத்திருக்கும். ஆனால் அரசனுக்குக் கேட்டு வாங்குவது இழுக்கு, அடித்துப் பிடுங்குவது வீரம். அன்று குதிரை, இன்று ஏவுகணை, புத்தி அதேதான்.

கொல்லிமலைச் செம்மேட்டில் குதிரைமேல் ஓரி சிலையாக நிற்கிறார். அவருக்காக வில்லெடுத்த சாதாரண வீரன் பெயர் நமக்குத் தெரியாது. இன்றைய வீரர்களையாவது மறக்காதீர்கள். டிசம்பர் 7 கொடிநாள். உண்டியல் வந்தால், சில்லறை இல்லை என்று சொல்லாமல், நோட்டாகவே போடுங்கள். முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குப் போகிற பணம் அது.