சுவரோரப் புரூக்ளின்

நியூயார்க்கின் புரூக்ளின் ஆற்றங்கரையில் சர்க்கரை ஆலைக்கு வேகன் தள்ளிக்கொண்டிருந்த குட்டி ரயில்வே 1983இல் நின்றுபோனது. ஆலையும் 2004இல் கதவை மூடியது. இப்போது அங்கே வாடகை கேட்டாலே மயக்கம் வரும் அடுக்குமாடிகள். அதனாலென்ன, புத்தக அலமாரிக்கு மேலே அதே பேட்டையை 1:87 அளவு மாதிரி ரயில்பாதையாக மறுபடி எழுப்ப ஆட்கள் இருக்கிறார்கள்.

இடத்துக்குத்தான் பஞ்சம். ஆகவே ஆலைக்கு முகப்பு மட்டும். சுவரோடு ஒட்டிய இரண்டங்குலச் செங்கல் கட்டடத்துக்குள் தொழிலாளி நுழைய முடியாது; போனஸ் தொல்லையும் இல்லை. பளபளவென்று புது வேகன் வாங்குவார்கள், அன்றிரவே பழுப்புச் சாக்பொடி தடவித் துருப்பிடிக்க வைப்பார்கள். நிஜ ரயில்வேக்கு அது முப்பது வருட வேலை.

பிறகு விளையாட்டு. ஆலன் ரைட் வகுத்த ‘இங்கிள்நுக்’ அமைப்பில் மூன்றே தடம், எட்டே வேகன். சீட்டுக் குலுக்கி, வந்த வரிசைப்படி ஐந்தைக் கோக்க வேண்டும். மொத்தம் 6,720 வரிசைகள் சாத்தியம்! முன்னும் பின்னும் இழுத்து, வியர்த்து, ஒருவழியாகக் கோத்துவிடுவார் மனிதர். சரக்கு எங்கும் போகாது. பலகை அங்கேயே முடிகிறது. “அந்த சோபாவைக் கொஞ்சம் நகர்த்துங்க” என்று வீட்டில் சொன்னால் மட்டும் இடுப்புப் பிடிப்பு.