தெப்பக்குளத்துக்குள் ஒரு காது

கேள்வி: தண்ணீரின் சத்தத்தைப் பதிவு செய்ய ஆசை. மைக்கை ஆற்றுக்குள் இறக்கினால் போதுமா?
– வாசகர், செல்லூர், மதுரை

பதில்: தாராளமாக. மைக்குக்கு அதுவே கடைசிப் பதிவாக இருக்கும்!

நீருக்குள் போக ஹைட்ரோஃபோன் வேண்டும். அதிலுள்ள பியஸோ தகடு, அழுத்த மாற்றத்தை மின்சாரமாக்கிவிடும். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையில் இருக்கிற அதே ரகத் தகட்டில் ஒயர் பற்றவைத்து, தண்ணீர் புகாமல் எபாக்ஸி பூசி வீட்டிலேயே செய்துகொள்கிறவர்களும் உண்டு.

இனி, வைகையில் தண்ணீர் வர வேண்டும். சித்திரையில் அழகருக்காக அணை திறக்கும்போது போனால் ஆற்றைவிடக் கூட்டம்தான் அதிகம் பதிவாகும். அதற்கு, 1645-ல் திருமலை நாயக்கர் அமைத்த வண்டியூர்த் தெப்பக்குளம் மேல். கரையில் பஸ் ஹாரன் காதைப் பிளக்கும், உள்ளே அமைதி. காற்றில் வரும் ஒலியில் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது. உள்ளே பிறக்கும் ஒலியோ நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் பாயும், காற்றில் 343தான். கண்மாய்களில் மலிந்துள்ள ஜிலேபிக் கெண்டையில் ஆண் மீன், ஜோடி தேடும்போது தாழ்ந்த குரலில் உறுமும். காதல் வசனம் எல்லா ஊரிலும் அப்படித்தான்.

மேலே கேட்கும் சலசலப்பு? பெரும்பாலும் காற்றுக்குமிழிகளின் கச்சேரி. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்கு 3,000 தடவைக்கு மேல் அதிரும் என்று 1933-லேயே விஞ்ஞானி மின்னார்ட் கணக்குப் போட்டார். குழாய்ச் சொட்டின் ‘டொக்’கும் நீருக்குள் சிக்கும் குமிழியால்தான் என்று 2018-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்தால் அது அடங்கிவிடுமாம். பதிவு முடியும்வரை அதை அடுக்களையிலேயே வைத்திருக்கவும்.