செல்லாக் காசு

கனடாவில் ஒரு சென்ட் நாணயத்தின் விநியோகம் 2013-லேயே நின்றுவிட்டது. சில பழைய வீடுகளின் நிலவறையில் மட்டும் அது இன்னும் நாணயமாக உழைக்கிறது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? கழற்றி, அடியில் ஒரு சென்டை வைத்துத் திருகிவிட்டால் பிறகு ஃபியூஸ் போகாது. போனால் வீடுதான் போகும்.

வெளியே மைனஸ் 25. ஹீட்டர் 1500 வாட்; 120 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர். அந்த லைன் தாங்குவதோ 15. அதே லைனில் பக்கத்து அறையிலும் ஒன்றைச் செருகினால் 25. வரிக் கணக்கில் புலியான வீட்டுக்காரருக்கு இந்தக் கூட்டல் மட்டும் வராது.

சுவருக்குள் 1930-களின் ஒயர். பீங்கான் குமிழ்களில் தொங்கியபடி, காற்றில் சூடு ஆற்றிக்கொள்வதுதான் அதன் ஏற்பாடு. குளிருக்கு அடக்கமாக அதன்மேல் இன்சுலேஷன் பஞ்சைத் திணித்தாயிற்று. காய்ச்சலில் கிடக்கும் தாத்தாவுக்குக் கம்பளி போர்த்திய புண்ணியம்!

சமையலறைக்குக் கிரானைட் மேடை வந்துவிட்டது. 60 ஆம்பியர் ஃபியூஸ் பெட்டியை மாற்றச் சொன்னால், "விருந்தாளி யார் நிலவறைக்கு வந்து பார்க்கப்போகிறார்?" என்கிறார்.

வருவார்கள், தீயணைப்புக்காரர்கள். பூட்ஸைக்கூடக் கழற்றாமல்.