காற்கூறுக் கொள்கையும் கடற்கரை விடுதியும்: ஒரு கள ஆய்வு

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஐந்து நட்சத்திர விடுதி எதிலும் தங்கியதற்குச் சான்று இல்லை. 13ஆம் நூற்றாண்டில் நட்சத்திரங்கள் வானத்தில் மட்டும்தான் இருந்தன. ஆனாலும், ஆசிரியர் மாநாட்டுக்குப் போகிறவருக்கு என்ன தேறும் என்ற கணக்கை அவர்தான் போட்டு வைத்திருக்கிறார். ஆசான் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் மிஞ்சும். உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். பொதுப்பாயிரம் சொல்லும் இந்தக் காற்கூறுக் கொள்கையை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்த ஒரு விடுதியில், இரண்டு நாள் ஓ.டி.யில் சோதித்துப் பார்த்ததே இவ்வாய்வு.

முன்னோடிகளைச் சொல்லாமல் ஆய்வு தொடங்கக் கூடாது. இறையனார் களவியல் உரையின்படி முதற்சங்கம் 4440 ஆண்டும், இடைச்சங்கம் 3700 ஆண்டும், கடைச்சங்கம் 1850 ஆண்டும் நடந்தன. தேநீர் இடைவேளை பற்றி உரைகாரர் வாய் திறக்கவில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. கடைச்சங்கத்தில் முழு நேரமும் உட்கார்ந்திருந்த புலவர் ஒருவர் இருந்தால், அவர் கணக்கில் ஒரு கோடியே அறுபத்திரண்டு லட்சம் மணி நேரம் சேர்ந்திருக்கும். மூன்று லட்சம் ஆண்டுக்கு அவரை யாரும் பயிற்சிக்கு அனுப்ப முடியாது. கிரேக்கரின் ‘சிம்போசியம்’ என்ற சொல்லுக்குச் சேர்ந்து குடித்தல் என்று பொருள். எங்கள் மாநாட்டில் அந்த மரபு, காகிதக் குடை செருகிய தர்பூசணிச் சாற்றோடு வரவேற்பறையிலேயே முடிந்துவிட்டது.

ஆய்வாளன் தமிழாசிரியன். உடன் வந்தவர் எங்கள் பள்ளியின் பிசிக்ஸ் சார். அறை எங்கள் இருவருக்கும் சேர்த்து. உள்ளே போனதும் முதல் சிக்கல்: எந்த ஸ்விட்சைப் போட்டாலும் விளக்கு எரியவில்லை. மின்சுற்றை இருபது வருடமாக நடத்தும் மனிதர் சுவரெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, “சப்ளையே இல்லை ஐயா” என்று தீர்ப்புச் சொன்னார். பெட்டி தூக்கி வந்த பையன் ஒன்றும் பேசாமல் அவர் கையிலிருந்த சாவி அட்டையை வாங்கிக் கதவோரப் பிளவில் செருகினான். அறை முழுக்க வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் தெரிந்தது இரண்டாவது சிக்கல்: குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவே இருந்தது கண்ணாடிச் சுவர். திரை இருந்தது. ஆனால் அதை இறக்கும் விசை எங்கே என்று கேட்க அந்தப் பையனை மறுபடி கூப்பிடும் துணிவு எங்கள் இருவருக்கும் இல்லை. ஒருவர் குளிக்கும்போது மற்றவர் பால்கனியில் நின்று கடலைப் பார்ப்பது என்று ஒப்பந்தம் ஆயிற்று. வங்கக் கடலை நான் இவ்வளவு நேரம் பார்த்தது என் வாழ்நாளிலேயே இல்லை.

இனி முதற்கால். குளிர்பதன அரங்கு நிரம்பிய வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் கடைசி வரிசை, பிறகு அதற்கு முந்தியது. முன்வரிசை சோபாக்களில் குத்துவிளக்கு ஏற்ற வந்தவர்கள் இருந்து, ஏற்றிவிட்டுப் போனார்கள். “பின்னாடி ஒளியுறவங்க முன்னாடி வாங்க” என்று ஆண்டு முழுக்கப் பிள்ளைகளைக் கூப்பிடும் அத்தனை பேரும், பேச்சாளர் அதையே சொன்னபோது அசையவில்லை. மதியத்துக்கு மேல் பின்வரிசைகள் தவக்கோலம் பூண்டன. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் ஒரு பூனை தவம் செய்கிறது, காலடியில் எலிகள். அந்தப் பூனையைப் பார்க்க ஐந்து மணிக்கு வேன் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. வேன் வரவில்லை, பூனைகள் அரங்கிலேயே இருந்தன. தூங்குகிறவனுக்குப் பாடம் சொல்லலாகாது என்பதும் நன்னூல் விதிதான். அதைப் பின்பற்றினால் அன்றைய பேச்சாளருக்கு மிஞ்சியிருப்பவர் ஒலிபெருக்கிக்காரர் ஒருவரே.

திரையில் ஒரு பிரமிடு வந்தது. கேட்டால் இத்தனை சதவீதம் நினைவில் நிற்கும், பார்த்தால் இத்தனை, பிறருக்குச் சொல்லிக்கொடுத்தால் 90. எங்கெல்லாம் ஆசிரியர் பயிற்சி நடக்கிறதோ அங்கெல்லாம் பிள்ளையார் படம் மாதிரி இந்தப் பிரமிடு வந்துவிடும். அமெரிக்கரான எட்கர் டேல் 1946இல் வரைந்த அனுபவக் கூம்பில் எண்ணே கிடையாது. எண்களைப் பின்னால் வந்தவர்கள் ஒட்டினார்கள், ஆதாரம் இல்லாமல். பவணந்தியும் ஆதாரம் காட்டவில்லைதான். ஆனால் கால், கால், அரை என்று போட்டதில் கூட்டல் சரியாக வருகிறது.

அடுத்தது ‘வெயிட் டைம்’. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தால் மாணவர் பதில் நீளமாகவும் நன்றாகவும் வருகிறது என்று கண்டார். “இதிலிருந்து நமக்கு என்ன தெரியுது?” என்று பேச்சாளர் கேட்டார். “பொறுக்கணும்னு தெரியுது” என்று அதே மூச்சில் அவரே சொன்னார். பிசிக்ஸ் சார் அப்போது தவத்தில் இருந்தார்.

இந்த இடத்தில் ஆய்வு திசை மாறுகிறது. முந்தின நாள் இரவு பால்கனியில் இதே விஷயத்தை அவர் எனக்குச் சொல்லியிருந்தார். “நான் கேள்வி கேட்டுட்டுக் கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்குவேன் ஐயா. பத்து விரலையும் ஒண்ணொண்ணா மடக்குவேன். அதுவரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். ஏழாவது விரலுக்கு, வருசம் பூரா பேசாத பய ஒருத்தன் எழுந்திரிப்பான்.” யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். ஒருநாள் தொண்டை கட்டிப் பேச முடியாமல் போனபோது தெரிந்துகொண்டதாம். இரண்டாம் கால் கடல் காற்றில் இப்படித்தான் வந்தது.

அதே கால் சாப்பாட்டுக் கூடத்திலும் வந்தது. மூடி போட்ட வெள்ளிப் பாத்திரங்கள் முப்பது, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெயரட்டை. ‘சப்ஜி தீவானி ஹண்டி’ முன் திகைத்து நின்ற எனக்கு, வேறு ஊர்ப் பள்ளியின் கெமிஸ்ட்ரி மிஸ் மூடியைத் தூக்கி ஆவியை முகர்ந்து, “கூட்டுதான் சார், முந்திரி அரைச்சு விட்டிருக்கா” என்று பகுப்பாய்வு முடித்தார். முப்பதையும் சுற்றி வந்த தட்டுகளில் பாதிக்கு மேல் கடைசியில் தயிர்சாதத்தில்தான் முடிந்தன. இரவு விருந்து ஒன்பது மணிக்கு. பவணந்தி சமண முனிவர் என்பதால், பொழுது சாய்ந்தபின் நடக்கும் இந்தக் களம் அவருக்கு எட்டியிருக்காது. அந்தக் குறையை இவ்வாய்வு நிரப்புகிறது.

மீதி அரைக்கு ஹெச்.எம். ஏற்பாடு செய்தார். “போயிட்டு வந்ததை ஸ்டாஃபுக்குச் சொல்லிடுங்க ஐயா, சனிக்கிழமை கடைசி பீரியட்.” அறை பின்னாலிருந்து நிரம்பியது. நான் போர்டில் பிரமிடு வரைந்தேன். மூன்றாவது கோட்டில் பயாலஜி மிஸ் கை தூக்கினார். “ஐயா, பாத்ரூமுக்குக் கண்ணாடிச் சுவராமே, நிஜமா?”

அதன்பின் நாற்பது நிமிடம் பேசினேன். ஒருவர்கூடத் தவத்தில் அமரவில்லை. சாவி அட்டைக்கு வந்தபோது பிசிக்ஸ் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தலையணைகள் ஆறு என்றதும் “ஆளுக்கா?” என்று குறுக்குக் கேள்வி வந்தது. பெல் அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

எல்லாரும் போனபின் இந்த ஆண்டு சேர்ந்த மேத்ஸ் மிஸ் மட்டும் வாசலில் நின்றிருந்தார்.

“ஐயா, நடுவுல ஏதோ சொன்னீங்களே, பத்து எண்ணணும்னு. மனசுக்குள்ளயா?”

“விரல் விட்டும்மா. கை முதுகுக்குப் பின்னாடி இருக்கணும்.”

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிப் பார்த்தபடியே படியிறங்கினார்.