செருப்பு நின்ன வரிசை

ஏ மாப்ள, தாலுகா ஆபீசுல வேலை கிடைச்சிருச்சுன்னு உங்கம்மா தெருத்தெருவா முட்டாயி குடுத்துட்டு வந்தா. சந்தோசம். தாய்மாமன் முறைக்கு மோதிரம் போடணும். காசில்ல, புத்திமதி இருக்கு. பிடிச்சுக்கோ. இன்னைக்கு நீ தபால் கட்டுற கிளார்க்கு. நாளைக்கே கலெக்டர் ஆபீசு, அங்கேருந்து கோட்டைன்னு ஏறிப் போயிருவ. அதுக்குள்ள இன்னொரு கிருமியும் வந்து சேரும். ஊரடங்கு உத்தரவு எழுத நீ பேனாவைத் திறக்கும்போது, இந்தக் கிழவனை ஒரு எட்டு வந்து பாத்துட்டு எழுது.

போன தடவை எழுதுனவுக வீட்டுல கறி வாங்க ஆள் வச்சிருந்தாக போல. 2020 ஜூலையில நாலு ஞாயிறு, ஆகஸ்டுல அஞ்சு ஞாயிறு, முழு அடைப்பு. ஞாயித்துக்கிழமை கறி திங்கிற ஊரு இது. ஞாயிறு மூடுனா சனிக்கிழமை சாயந்தரம் கறிக்கடை என்ன பாடு படும்? ஒரு பகல் பூரா மெதுவா வந்து போற சனம் ரெண்டு மணி நேரத்துல ஒருத்தர் முதுகுல ஒருத்தர் மூச்சு விட்டுக்கிட்டு நின்னுச்சு. கிருமிக்கு அலைச்சல் மிச்சம். அதுக்கு முந்தி ஏப்ரல்லயும் இதே கூத்துதான். மெட்ராசு, மதுரை, கோயம்புத்தூர்ல 26ஆம் தேதியிலேருந்து நாலு நாளைக்கு ஈ காக்கா வெளிய வரக்கூடாதுன்னு சொன்னாக. 25ஆம் தேதி காய்கறிக் கடைவாசல்ல தேர் இழுக்கத்தான் பாக்கி.

அதெல்லாம் கூடப் போவுது. எந்தக் கதவை எப்போ திறந்தாகங்கிறதுதான் சங்கதி. நான் காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன், கேளு. 2020 மே 7, பிராந்திக்கடை. மறுநாளே கோர்ட்டு மூடச் சொல்லிருச்சு. மேல போயி மல்லுக்கட்டி 16ஆம் தேதி திரும்பத் திறந்துட்டாக. அம்புட்டு அக்கறை. மே 11, டீக்கடை, அதுவும் பார்சல் மட்டும். மே 19, கிராமத்துல முடிவெட்டுற கடை. செப்டம்பர் 1, பெரிய கோயிலு. ஒண்ணாங்கிளாசு? 2021 நவம்பர் 1. அதாவது மனுசன் முதல்ல குடிக்கணும், பொறவு டீயைக் குடிச்சுத் தெளியணும், முடிய வெட்டிக்கிடணும், சாமியைக் கும்பிடணும், எல்லாம் முடிஞ்சு நேரமிருந்தா அ, ஆ படிக்கணும். இந்த வரிசையைப் போட்டவன் லேசுப்பட்ட ஆளில்ல மாப்ள, மனுச வாழ்க்கையக் கரைச்சுக் குடிச்சவன். என் பேத்தி ஒண்ணாங்கிளாசு டீச்சர் முகத்தை நேர்ல பாக்காமயே ரெண்டாங்கிளாசுக்குப் போயிட்டா. பள்ளிக்கூடத்துல சாயந்தரம் கல்லாப்பெட்டி எண்ணுற வழக்கம் இல்லையே, என்ன செய்ய?

தனியா சைக்கிள்ல போனவன் மூஞ்சியில துணி இல்லன்னா 200 ரூவா அவராதம். சரி, கட்டினோம். 2021 ஏப்ரல் 6 ஓட்டுக்கு முந்தி லாரி லாரியா ஆளை ஏத்துனாகளே, அங்க தலையை எண்ண ஆள் இல்லன்னு மட்டும் சொல்லிராத. இருந்துச்சு. தலைக்கு எவ்வளவுன்னு துட்டுக் குடுக்க எண்ணுனாக.

மறு மாசம் என் கூட்டாளி செத்துப் போனான். சாவுக்கு 20 பேர்தான்னு உத்தரவு. அவன் சொந்தபந்தத்தை எண்ணுனாலே அறுபது தாண்டும். நான் போகல. ரேடியோவைப் போட்டுட்டுத் திண்ணையில உக்காந்திருந்தேன், என்ன பாட்டுன்னு ஞாபகமில்ல. அன்னைக்கு அந்த 20 தப்புன்னு எனக்குத் தோணல. ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்சு வரிசையா நிக்கிறதை டிவியில பாத்திருந்தோம்லா. நாங்க போட்ட அறுபது கணக்குக்கும் லாரியில ஏறுன கணக்குக்கும் ஒரே தராசு வச்சிருந்தாகன்னா, திண்ணையில உக்காந்தது இம்புட்டுக் கசந்திருக்காது.

மாமன் பெரிய யோக்கியன்னு நினைச்சிராத. ரேசன்கடையில ஆயிரம் ரூவா குடுத்தாகளே, 2020 ஏப்ரல்ல. ஆளுக்கு ஆள் மூணடி தள்ளிச் சுண்ணாம்புல வட்டம் போட்டிருந்தாக. வெயிலு மண்டையப் பொளந்துச்சு. வட்டத்துக்குள்ள ஆளுக்கொரு செருப்பை நிறுத்திட்டு, மொத்தப் பேரும் வேப்பமரத்தடியில தோளோட தோள் உரசிக்கிட்டு வெத்தலை போட்டோம். ஒரே பொட்டலத்துப் புகையிலைதான் சுத்தி வந்துச்சு. போலீசுக்காரர் வந்து பாத்தாரு. செருப்பு எல்லாம் உத்தரவை மீறாம மூணடி தள்ளி நின்னுச்சு. திருப்தியாப் போயிட்டாரு.

அன்னைக்கு என் வட்டத்துல இருந்த புதுச் செருப்பை எடுத்துட்டு, வார் அறுந்த ஒண்ணைப் போட்டுட்டுப் போனவன் ஒருத்தன் இருக்கான். உங்க ஆபீசுல அதுக்கு ஒரு மனு எழுதிக் குடுக்கணும் மாப்ள. எந்த சீட்டுல பாக்கணும்?